திங்கட்கிழமை வராத வீடு

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டை விட்டு உள்ளே போகும் குறுக்குத்தெருவில், ரயில்வேக்காரர் இன்னாசிராஜ் வீட்டில் மட்டும் நாற்பத்து மூன்று வாரம் திங்கட்கிழமை வரவில்லை. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு ஜூன் பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குள் வந்தது. வந்த ஞாயிறு திரும்பிப் போகவில்லை. பக்கத்து வீடுகளில் திங்களும் செவ்வாயும் ஒழுங்காக வந்து போயின. எதிர்வீட்டுக் காந்திமதி வீட்டில் ஆடி பிறந்தது, கூழ் ஊற்றினார்கள், தீபாவளிக்கு வெடி வெடித்தார்கள், பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். இந்த ஒரு வீட்டில் மட்டும் விடிந்தால் ஞாயிறு, பொழுது சாய்ந்தாலும் ஞாயிறு. தினசரிக் காலண்டரில் சிவப்பு எழுத்தில் பதினொன்று என்று இருக்கும். கிழித்தால் அடியிலும் சிவப்புப் பதினொன்று. அச்சடித்தவன் செய்த தப்பு என்று நினைத்து இன்னாசிராஜ் ஒரே மூச்சில் நாற்பது தாள் கிழித்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். காலண்டரின் தடிமன் மட்டும் குறையவில்லை.

அவர் மனைவி பெயர் அமலோற்பவமேரி, தெருவுக்கு மேரி டீச்சர். ஊரில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள். கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது எல்லா வீட்டிலும் பிள்ளைகள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி வழிந்தார்கள். மேரி போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நடு அறையின் சுவரில் கறுப்புப் பெயிண்ட் அடித்தாள், பாய் விரித்தாள், தன் பிள்ளைகளுக்குத் தானே பாடம் நடத்த ஆரம்பித்தாள். பிறகு பள்ளிகள் திறந்தன. அவள் பிள்ளைகளையும் அனுப்பவில்லை, தானும் போகவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் தன் பிள்ளைகளின் முகத்தை இதுநாள்வரை சரியாகப் பார்த்ததே இல்லை என்றாள். தெரு சும்மா இருக்குமா? டீச்சருக்குத் திமிர் என்றது, பிள்ளைகள் நாளைக்கு மாடு மேய்க்கும் என்றது. ஜெனித் ஆறு வயதில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, புறப்பட்டுப் போகிற பஸ்ஸின் பலகையில் ‘திருவெண்ணெய்நல்லூர்’ என்று மூச்சு விடாமல் வாசித்தான். அந்தச் செய்தி தெருவுக்கு வந்த பிறகு தெரு கொஞ்சம் வாயை மூடிக்கொண்டது. மூத்தவள் வெனிலா, அடுத்து ஜெனித், அதற்கடுத்து ஜெர்லின், கடைக்குட்டி பெலிக்ஸ். பத்து, எட்டு, ஆறு, நான்கு என்று ஏணிப்படி மாதிரி நான்கு பேர்.

காலை ஒன்பது மணிக்கு மேரி நோட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவாள். அப்போதுதான் எழுந்து வந்த பெலிக்ஸ்கூட ‘உள்ளேன் அம்மா’ என்று சொல்லிவிட்டுத்தான் பால் கேட்பான். வாரத்தில் ஆறு நாள் இந்த ஒழுங்கு தப்பாது. ஞாயிறு மட்டும் கிடையாது. அது பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய கடன் திருநாள், அன்றைக்குப் பாடப் புத்தகத்தைத் தொட்டால் பாவம் என்று பழக்கி வைத்திருந்தாள். அவள் நடத்திய பாடங்களிலேயே இந்தப் பாடம்தான் பிள்ளைகள் மனதில் கல்லில் வெட்டிய எழுத்தாக நின்றது. ராத்திரி ஏழரைக்குக் குடும்பச் செபமாலை. அது முடிந்ததும் நான்கு பேரும் வரிசையாக வந்து ‘தோத்திரம்மா’ என்று கைகூப்புவார்கள். மேரி கட்டைவிரலால் ஒவ்வொரு நெற்றியிலும் சிறு சிலுவை போட்டு, “இன்னிக்கு முடிஞ்சிச்சு, போய்ப் படுங்க” என்பாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் நாள் முடியும். அப்போதெல்லாம் இதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

அந்த வருடம் மே மாதம் முழுக்க லீவு விட்டிருந்தாள். பிள்ளைகள் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகளாகத் தெருவில் திரிந்து, வாய்ப்பாட்டையெல்லாம் மாங்கொட்டையோடு சேர்த்துத் துப்பிவிட்டிருந்தார்கள். ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை, மறுபடி வகுப்பு. ஒரு மாதம் ஊர் சுற்றிய பிள்ளைகளைத் திரும்பப் பாயில் உட்கார வைப்பது லேசான காரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதற்கு முந்தின வாரம் முழுக்க ஆயத்தம் செய்தாள். நோட்டுகளுக்குக் காக்கி அட்டை போட்டாள், லேபிள் ஒட்டிப் பெயர் எழுதினாள், பென்சில்களைச் சீவி டப்பாவில் நிறுத்தினாள், நான்கு நிறத்தில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். திங்கட்கிழமை முதல் பாடம் சொல்வதெழுதுதல். அதற்குப் பத்து வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி மாதா படத்தின் பின்னால் செருகி வைத்தாள். ஞாயிறு சாயந்தரம் கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டினாள். மாவைப் பெரிய குண்டானில் வழித்து, உப்புப் போட்டு, முழங்கை வரை விட்டுக் கரைத்தாள். கரண்டியால் கரைத்தால் மாவு பொங்காது, கைச்சூடு பட்டால்தான் பொங்கும் என்பது அவள் கட்சி. கையைக் கழுவிவிட்டு, தலை வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றாள். ஏழு மணிக்கு எழுப்பியபோது கண்ணைத் திறந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், நெடுஞ்சாலையில், அவளுக்கு முப்பத்தாறு வயதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தெருவில் ஷாமியானா போட்டு அங்கேயே கிடத்தினார்கள். மறுநாள் மூன்று மணிக்குக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே இன்னாசிராஜ் அந்தத் திங்கட்கிழமையைப் பார்த்தார். தெருவில் பார்த்தார், கோயிலில் பார்த்தார், கல்லறையில் மண் தள்ளும்போது பார்த்தார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் கால் வைத்தபோது உள்ளே ஞாயிறாக இருந்தது. துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது உறைக்கவில்லை. கண்டமங்கலம் பக்கத்திலிருந்து பெட்டியோடும் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையோடும் வந்து சேர்ந்த அவருடைய அக்கா சவுரியம்மாள்தான் மூன்றாம் நாள் கண்டுபிடித்தாள். கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், தம்பி பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட வந்தவள். மூன்று நாள் மாவு நாறிப்போயிருக்குமே, கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுவோம் என்று குண்டானைத் திறந்தாள். மாவு புளிக்கவில்லை. ஒரு விரற்கடைகூடப் பொங்கவில்லை. அப்போதுதான் ஆட்டிய உளுந்தின் பச்சை வாசம் அடித்தது. மேலே, கை சுழன்றுவிட்டு வெளியே எடுத்த இடத்தில், ஐந்து விரல் போன தடம் அப்படியே இருந்தது. இன்னாசிராஜ் எட்டிப் பார்த்தார். அக்கா கையிலிருந்து குண்டானை வாங்கி, தட்டால் மூடி, அடுப்பு மூலையில் வைத்தார். யாரும் அதைத் தொடக் கூடாது என்றார். மேரி செத்த பிறகு அவர் அழுதது அப்போதுதான்.

இன்னாசிராஜுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பாதையைத் திருப்பிவிடுகிற வேலை. ரயில்வேக்காரனுக்கு ஞாயிறே கிடையாது என்று சொல்வார்கள். அவருக்கு வெளியே ஞாயிறு கிடையாது, வீட்டுக்குள் ஞாயிறைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வாசல்படிக்கு வெளியே புதன்கிழமை செருப்பைக் கழற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைவார். பிள்ளைகள் ஞாயிறு என்பதால் தினம் கறிக்குழம்பு கேட்டார்கள். சவுரியம்மாள் முதல் பத்து நாள் ஆட்டுக்கறி ஆக்கினாள், பிறகு முட்டைக்கு இறங்கினாள், அதன் பிறகு கத்திரிக்காயில் கறிமசாலாவைப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றாமல் பரிமாறினாள். இதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று, பிள்ளைகள் வளரவில்லை. நகம் வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஜெர்லினுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழவும் இல்லை, நிலைக்கவும் இல்லை, மாதக்கணக்காக ஆடிக்கொண்டே இருந்தது. தெருவில் விளையாடிய நேரத்துக்கு மட்டும் ஜெனித்தும் பெலிக்ஸும் கொஞ்சம் வளர்ந்தார்கள். வெனிலா வாசலுக்கே வரவில்லை, அதனால் அவள் நூல்கூட வளரவில்லை. அடுப்பு மூலையில் குண்டானுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்கு மட்டும் எட்டு மணி நேர டூட்டியில் தலை நரைத்துக்கொண்டு வந்தது.

பாடத்தை மறுபடி தொடங்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஆஸ்பத்திரி வண்டியில் நினைவு தப்புவதற்கு முன்னால் மேரி கடைசியாகச் சொன்னது, “புள்ளைங்க பாடத்த உட்றாதீங்க” என்பதுதான். அதை அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தது போல வைத்திருந்தார். வார லீவில் நோட்டுகளை எடுத்துப் பாயில் பரப்புவார். ஜெனித் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இன்னிக்கு ஞாயித்துக்கெழமப்பா. தொட்டா பாவம்” என்பான். காலண்டரைப் பார்ப்பார், அது சிவப்பாக இருக்கும். அதற்கு மேல் என்ன பேசுவது? மயிலத்தில் கல்லூரிப் படிப்பு முடித்துவிட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த அன்புச்செல்வி என்ற பெண்ணைப் பேசி வைத்தார். அவள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்ததும் நெற்றியைச் சுருக்கி, “அய்யோ சார், ஞாயித்துக்கெழமல்ல வந்துட்டேன்? நாளைக்கு வர்றேன் சார்” என்று எழுந்து போனாள். இப்படி ஒன்பது தடவை வந்து ஒன்பது தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள், நல்ல பெண். வீட்டை மந்திரிக்க ஒரு வியாழக்கிழமை வந்த பங்குச் சாமியார், கதவைத் தாண்டியதும் முகம் வெளுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை இரண்டும் வைக்காமல் விட்டுவிட்டேனே என்று அங்கியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடினார். பெரிய வெள்ளிக்கிழமையன்று வீட்டுக்குள் ஞாயிறாக இருந்ததால் சவுரியம்மாளால் ஒருசந்தி இருக்க முடியவில்லை. அவள் எதிரே காந்திமதி வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து, அங்கே இருந்த வெள்ளிக்கிழமையில் பசியோடு இருந்துவிட்டு வந்தாள்.

டூட்டி முடிந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் இன்னாசிராஜ் முதலில் அடுப்பு மூலைக்குத்தான் போவார். தட்டை நீக்கி விரல் தடத்தைப் பார்ப்பார். கட்டைவிரல் தடம் கொஞ்சம் ஆழமாக இருக்கும். மற்ற நான்கும் அதைச் சுற்றி வளைந்து போகும். தன் கையை மேலே காற்றில் வைத்து அளவு பார்ப்பார், தொடமாட்டார். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் கையை இத்தனை நேரம் உற்றுப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொள்வார். வெனிலா முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருப்பாள்.  பிறகு தட்டை மூடிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்பதைக் கண்டுபிடித்தவன் பெலிக்ஸ். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாள், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மடியில் வந்து சாய்ந்து, “இன்னிக்கு எப்பப்பா முடியும்?” என்று கேட்டான். எல்லாரையும் போல அவரும், தூங்கினால் முடிந்துவிடும் என்றார். “தூங்கித் தூங்கிப் பாத்துட்டேன். முடியல. அம்மாதான் இன்னும் சிலுவை போடலியே” என்றான் அவன். இன்னாசிராஜ் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்தார்.

“யக்கா, நீ ராத்திரி செபம் முடிஞ்சதும் புள்ளைங்களுக்குச் சிலுவை போடறதில்லியா?”

சவுரியம்மாள் குழம்புக் கரண்டியோடு திரும்பினாள். “நான் எங்கடா போடறது? பெத்த அப்பன் நீ இருக்க சொல்ல நான் போட்டா நல்லாருக்குமா? டூட்டி முடிஞ்சு வந்து நீதான் போட்டுக்கினு இருக்கறன்னு நெனச்சேன்.”

“நான் நீ போடறன்னு நெனச்சேன்க்கா.”

“நல்லா நெனச்சோம் போ” என்று அவள் அடுப்படிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்து, நான்கு பிள்ளைகளின் நெற்றியைப் பத்து மாதமாக வெறுமனே விட்டு வைத்திருந்தார்கள். அந்த ஞாயிறை முடித்துவைக்க ஆள் இல்லை, அதனால் அது முடியாமல் உட்கார்ந்திருந்தது. விஷயம் அவ்வளவுதான்.

அன்றைக்கே போட்டிருக்கலாம். இன்னாசிராஜ் போடவில்லை. இந்தக் கதையில் அவர் மேல் சொல்ல வேண்டிய குற்றம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சிலுவை போட்டால் ஞாயிறு முடியும், ஞாயிறு முடிந்தால் திங்கள் வரும், திங்கள் வந்தால் மாவு பொங்கும், பொங்கினால் விரல் தடம் போய்விடும். இந்தக் கணக்கு அவருக்கும் வெனிலாவுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. மகள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் சோற்றைப் பார்த்தார். அக்காவிடம், வீட்டுத் தேதியும் ஊர்த் தேதியும் ஒட்டிப் போக வேண்டும், வெளியேயும் ஞாயிறாக இருக்கிற நாளில்தான் போட வேண்டும், இல்லையென்றால் வண்டி தடம் புரண்டுவிடும் என்று பாயிண்ட்ஸ்மேன் நியாயம் பேசினார். நியாயம் சரிதான். ஆனால் ஈஸ்டர் ஞாயிறு வந்தபோது அவராகவே நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்கு அது தெரியும், கேட்கவில்லை. கட்டியவளின் கையைக் கண்ணெதிரே அழித்துக்கொள் என்று எந்த அக்கா தம்பியிடம் சொல்வாள்?

அதற்கடுத்த வாரம் ஜெனித்தைக் கண் டாக்டரிடம் காட்ட விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனார். பையன் தெருவில் கடைப் பலகைகளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறான், பார்வை மங்குகிறதோ என்று அவருக்குப் பயம். டாக்டர் சுவர்ப் பலகையில் எழுத்துகளைக் காட்டிக் கேட்டார். விளக்கு அடித்துக் கண்ணைப் பார்த்தார். வேறு பலகையில் படங்களைக் காட்டிக் கேட்டார். பிறகு, “கண்ணு நல்லாருக்குங்க. பையனுக்கு எழுத்துதான் தெரியல. எந்த ஸ்கூல்ல போட்டிருக்கீங்க?” என்றார். இன்னாசிராஜ் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே ஒரு பஸ் பின்வாங்கித் திரும்பியது. அதன் பலகையை மகனுக்குக் காட்டி, “இது இன்னாடா, படி” என்றார். ஜெனித் பார்த்தான். உதட்டை நக்கிக்கொண்டான். “தி” என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் “தி” என்றான். பஸ் புகையைக் கிளப்பிக்கொண்டு திருவெண்ணெய்நல்லூருக்குப் போய்விட்டது. “அம்மா இருந்தப்ப படிச்சேன்ல?” என்று கேட்டான். ஏதோ செத்துப்போன வேறு ஒரு பையனைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டான். இன்னாசிராஜ் அந்த இடத்திலேயே, கடலை விற்கிறவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் நடுவில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். மாவில் இருந்த ஐந்து விரலை இத்தனை நாள் காவல் காத்தோம், அவள் கை வைத்துச் செய்தது இங்கே அல்லவா அழிந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

ஏப்ரல் ஏழாம் தேதி, வெளியேயும் ஞாயிறாக இருந்த நாளில், அவருக்கு வார லீவு. ஏழரைக்குப் பாய் விரித்து மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி கொளுத்தினார்கள். செபமாலையை அவரே சொன்னார், இரண்டு இடத்தில் மறந்தார், சவுரியம்மாள் எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் பெலிக்ஸ் ஓடி வந்து நின்று, சரியாக ஞாபகம் வைத்திருந்து, “தோத்திரம்ப்பா” என்றான். கட்டைவிரலால் சிலுவை போட்டார். அடுத்தது ஜெர்லின், பிறகு ஜெனித். ஜெனித் நெற்றியில் சிலுவை கோணலாக விழுந்தது. வெனிலா எழுந்து வரவில்லை. அடுப்பு மூலையில் குண்டானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போட்டா மாவு புளிச்சிடும்ப்பா.”

“தெரியும்மா.”

“அம்மா கை போய்டும்.”

“தெரியும். வாம்மா.”

“நாளைக்குப் போடலாம்ப்பா. ஒரே ஒரு நாளு. நாளைக்கு நானே வர்றேன்.”

“இந்த வீட்ல ஏதும்மா நாளைக்கு?” என்றார் இன்னாசிராஜ்.

அவள் குண்டானைக் கட்டியிருந்த கையை எடுத்தாள். பிறகு தட்டை நீக்கினாள். அப்பாவையும் அத்தையையும் கூப்பிட்டாள். தம்பி தங்கைகளையும் கூப்பிட்டாள். ஆறு பேரும் குண்டானைச் சுற்றி முட்டிபோட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேரியின் கைத்தடத்தைக் கண் நிறையப் பார்த்தார்கள். ஜெர்லின் சத்தமாக அழுதாள். வெனிலா தட்டை மூடிவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நெற்றியைக் காட்டினாள். அவர் போட்டார். “இன்னிக்கு முடிஞ்சிச்சு, போய்ப் படுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு முதல் வார்த்தைக்கு மேல் வரவில்லை. மீதியை வெனிலா சொன்னாள். தன் கட்டைவிரலால் அப்பா நெற்றியிலும் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

விடியற்காலையில் சவுரியம்மாள் எழுந்து காலை வைத்தபோது தரை வழுக்கியது. நாற்பத்து மூன்று வாரம் பொங்க வேண்டிய மாவு ஒரே இரவில் பொங்கி, தட்டைத் தூக்கித் தள்ளி, குண்டானை விட்டு வழிந்து, அடுப்படியைத் தாண்டி நடு அறைப் பாய் வரை வந்திருந்தது. தெரு முழுக்கப் புளித்த மாவு வாசம் அடித்தது. காலண்டரில் கறுப்பு எழுத்தில் எட்டு என்று இருந்தது, திங்கட்கிழமை. இட்லிப்பானையை ஏற்றினாள், இறக்கவே முடியவில்லை. காந்திமதி வீட்டுப் பானையும் வந்தது, இன்னும் மூன்று வீட்டுப் பானைகளும் வந்தன. மேரி டீச்சர் கரைத்த மாவு என்று கேள்விப்பட்டு, டீச்சருக்குத் திமிர் என்று சொன்னவர்கள்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இட்லி பஞ்சாக இருந்தது. இன்னாசிராஜ் நான்கு தின்றார், ஒவ்வொன்றையும் நெடுநேரம் மென்றார். ஜெர்லினின் முன்பல் இரண்டாவது இட்லியோடு கழன்று வந்தது.

சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வளர்ந்தார்கள். பத்து மாதத்து வளர்த்தி ஒரு காலைப் பொழுதில் வந்தது. ஜெனித்தின் கால்சட்டை தொடைக்கு ஏறியது, பெலிக்ஸின் முகத்தில் இருந்த குழந்தைக் கொழுப்பு இறங்கியது, நூல்கூட வளராமல் இருந்த வெனிலாவுக்குப் பாவாடை நான்கு விரல் மேலே போய்க் கணுக்கால் தெரிந்தது. குரலும் கொஞ்சம் மாறியிருந்தது. இன்னாசிராஜ் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இவை மேரி பார்க்காத உயரங்கள். இப்போது அவள் வாசலில் வந்து நின்றால், பெற்ற மகளை அடையாளம் காண அரை நிமிடம் ஆகும். திங்கட்கிழமை வந்ததில் அவருக்கு மிகவும் வலித்தது அதுதான், அதை அவர் பிற்பாடு அக்காவிடம் மட்டும் சொன்னார்.

ஒன்பது மணிக்கு நோட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டார். நான்கு பேரும் பழக்கத்தில் ‘உள்ளேன் அம்மா’ என்றார்கள், அவர் திருத்தவில்லை. காக்கி அட்டை போட்ட நோட்டுகளைப் பிரித்தார்கள். மாதா படத்தின் பின்னால் இருந்த தாளை எடுத்துச் சொல்வதெழுதுதல் போட்டார். கொய்யாப்பழம், பள்ளத்தாக்கு, வெள்ளரிக்காய் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் பத்தாவதில் நின்றார். அங்கே மேரியின் கையெழுத்தில் திருவெண்ணெய்நல்லூர் என்று இருந்தது. பக்கத்தில், ‘ஜெனித்துக்கு மட்டும்’ என்று இருந்தது. அதையும் சொன்னார். ஜெனித் நாக்கைக் கடித்துக்கொண்டு ‘திருவெ’ வரை எழுதினான். அதற்கு மேல் பென்சில் நகரவில்லை. வெகுநேரம் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவன் தலையை நிமிர்த்தி, “மீதிய செவ்வாக்கெழம எழுதறேன்ப்பா” என்றான். “எழுது, செவ்வாக்கெழம இருக்குது” என்றார் இன்னாசிராஜ். செவ்வாயன்று இரண்டு எழுத்து எழுதினான், புதனன்று ஒன்று, வியாழக்கிழமை முழுதாக எழுதினான்.

மறுபடி பாயில் உட்காரப் பழகுவதற்குப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் பிடித்தது. வாய்ப்பாடு திரும்பி வர அதற்கும் மேலே ஆனது. அன்புச்செல்வி இப்போது தினம் பத்து மணிக்கு வருகிறாள், ஞாயிறு என்று சொல்லித் திரும்பிப் போவதில்லை. அப்பாவுக்கு டூட்டி இருக்கிற ராத்திரிகளில் அத்தை சிலுவை போடுகிறாள். அது அடுப்படிக் கதவில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை காலையில், இட்லி ஊற்றி முடிப்பதற்குள் வெனிலா ஒரு கரண்டி மாவை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தாள். அடுத்த ஞாயிறு சாயந்தரம் அத்தை புது மாவு ஆட்டியதும், அந்தக் கரண்டியை அதில் சேர்த்து, உப்புப் போட்டு, கையை முழங்கை வரை விட்டுத் தானே கரைத்தாள். அதிலிருந்து ஒரு கரண்டி, அதற்கடுத்த மாவுக்கு. இன்றுவரை அது அற்றுப்போகவில்லை. கரைத்து முடித்துக் கையை வெளியே எடுத்ததும் மாவின் மேல் ஐந்து விரல் போன தடம் தெரியும். அது வெனிலாவின் கையைவிடப் பெரியது, கட்டைவிரல் தடம் கொஞ்சம் ஆழம். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி முடிக்கிற நேரம் இருக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள், இருக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடி வருவதில்லை. தடம் கரைந்ததும் வெனிலா தட்டைப் போட்டு மூடுவாள். ஏழரைக்குச் செபம். காலையில் ஒன்பது மணிக்குப் பாடம் இருக்கிறது.